அட்டையாக விறைத்த ஆறு வெள்ளைத் துண்டுகள்

அம்மாவுக்கு 81 வயது. முழங்கைக்குக் கீழே தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. கொஞ்சம் அழுத்தித் துடைத்தாலும் கன்றிச் சிவக்கிறது. போன கார்த்திகையில் ஒருநாள் குளித்துவிட்டு வந்தவர், துண்டைக் கட்டில் மேல் போட்டார். "ஏங் கண்ணு, இது துண்டா, தேங்கா நாரா? தோலை அறுக்குது. எம் பழைய சேலையில ஒண்ணு கிழிச்சுக் குடு சாமி, அது போதும்" என்றார். முன்கையைப் பார்த்தேன். பூனை கீறியது போல நாலைந்து கோடுகள்.

அந்தத் துண்டுகள் அவருக்காகவே வாங்கியவை. ஆறு வெள்ளை டர்க்கி டவல்கள், சதுர மீட்டருக்கு 500 கிராம் கனம். தோலில் எங்காவது கசிவோ ரத்தமோ இருந்தால் உடனே தெரியட்டும் என்றுதான் வெள்ளை நிறம் எடுத்தேன். வந்த புதிதில் பஞ்சு மூட்டைக்குள் கை விட்டது போல இருந்தது. பதினான்கு மாதத்தில் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறத்துக்கு வந்துவிட்டன. கொடியிலிருந்து எடுத்தால் மடங்காமல் அட்டை போல நின்றன. மூன்று மாதம் இந்தத் துண்டுகளோடு மல்லுக்கட்டியதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதல் மாதம் முழுக்க எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தேன். அழுக்குப் போகவில்லை என்று சோப்புத் தூளைக் கூட்டினேன். விறைப்பு அதிகமானது. பிறகு கடைசி அலசலில் வாசனைக் கண்டிஷனர் ஊற்றினேன். தொடும்போது வழுவழுவென்று இருந்தது. ஆனால் அம்மா துடைத்துவிட்டு, "ஈரமே எடுக்க மாட்டீங்குது" என்றார். துண்டை மேசையில் விரித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அது தாமரை இலை மேல் நிற்பது போல உருண்டு நின்று, உள்ளே இறங்க 11 வினாடி எடுத்துக்கொண்டது. கண்டிஷனரில் இருப்பது நேர்மின் ஏற்றமுள்ள கொழுப்புப் பொருள். ஈரப் பருத்தி எதிர்மின் ஏற்றத்தோடு இருப்பதால் அது இழையில் ஒட்டிக்கொள்ளும், அதன் கொழுப்பு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வழுவழுப்பு வருவது அதனால்தான். தண்ணீரை உறிஞ்சாமல் போவதும் அதனால்தான். சட்டைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஈரம் எடுப்பதே வேலையான துண்டுக்கு அது பெரிய கெடுதல்.

அடுத்து குளோரின் வெளுப்பான். இரண்டு துண்டுகளைப் போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். வெளுப்பதற்குப் பதிலாக இன்னும் பழுத்து வந்தன. எங்கள் போர் தண்ணீரில் இரும்பு உண்டு. குளியலறைக் குழாய்க்கு அடியில் இருக்கும் செம்பழுப்புக் கோடே அதற்குச் சாட்சி. தண்ணீரில் கரைந்திருக்கும்போது இரும்புக்கு நிறம் தெரியாது. குளோரின் பட்டதும் அது துருவாக மாறித் துணியில் படியும். இரும்பு கலந்த தண்ணீரில் வெள்ளைத் துணிக்குக் குளோரின் வெளுப்பான் போடுவது, கையால் துருவைப் பூசுவதற்குச் சமம். சொட்டு நீலமும் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் மேல் நீலம் ஏறினால் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும், அவ்வளவுதான். இழையில் இருக்கும் எதையும் அது எடுப்பதில்லை.

கடைசியில் அம்மாவிடமே கேட்டேன். அவர் பிறந்த ஊரில் சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானையில் ராத்திரி முழுக்க ஆவியில் வைப்பார்களாம். "அந்த வேட்டியெல்லாம் வெயில்ல கண்ணு கூசும் கண்ணு" என்றார். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், அதாவது நாம் கடையில் வாங்கும் வாஷிங் சோடா. காரமும் சூடும் சேர்ந்து எண்ணெய்ப் பிசுக்கை இளக்கிவிடும். அதையே செய்து பார்க்கலாம் என்று, கொதிக்கக் காய்ச்சிய தண்ணீரில் சோடா போட்டு ஒரு துண்டை ஊறவைத்தேன். நிறம் கொஞ்சம் தெளிந்தது. விறைப்பு முன்னைவிட மோசமானது. காய்ந்த துண்டை உதறியபோது மாவு போல ஏதோ பறந்தது. விரலில் தேய்த்தால் நறநறத்தது. துணியில் இருப்பது அழுக்கு இல்லை, சுண்ணாம்பு என்று அப்போதுதான் உறைத்தது.

கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை: எங்கள் ஊரில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். நல்ல தண்ணி என்றால் சிறுவாணி அணையிலிருந்து வரும் குடிநீர். உப்புத் தண்ணி என்றால் போர். சிறுவாணி எங்களுக்குக் கீழே குழாயில் சில நாட்களுக்கு ஒருமுறை வரும், குடத்தில் பிடித்து மாடிக்கு ஏற்ற வேண்டும். மாடித் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். சிறுவாணி வராத நாளுக்கென்று, உப்பைப் பிரித்துக் குடிநீராக்கும் ஒரு ஆர்.ஓ. இயந்திரமும் உண்டு, அது போர் தண்ணீரில் ஓடுகிறது. 2017 வறட்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று ஒரு வைராக்கியம். அதனால் ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீரைக் குழாய் போட்டு ஒரு டிரம்மில் பிடித்தோம். மூன்று நாள் சேர்த்தால் ஒரு சலவைக்குச் சரியாக இருக்கும். இரண்டு வருடமாக எங்கள் வீட்டுத் துணி முழுவதும் அந்த டிரம் தண்ணீரில்தான் துவைந்தது.

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் எடுத்தேன். ஒன்றில் சிறுவாணி, ஒன்றில் போர், ஒன்றில் டிரம் தண்ணீர், மூன்றிலும் கால் லிட்டர். குளியல் சோப்பை நகக்கண் அளவு சீவி ஒவ்வொன்றிலும் போட்டு, மூடிப் பத்துத் தடவை குலுக்கினேன். சிறுவாணி கழுத்து வரை நுரைத்தது. போர் தண்ணீரில் மோர் திரிந்தது போலத் திப்பிதிப்பியாக மிதந்தது. டிரம் தண்ணீரில் நுரையே இல்லை, பால் கலந்தது போலக் கலங்கி, பாட்டில் சுவரில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. (இந்தச் சோதனைக்குச் சோப்புதான் வேண்டும். துணி துவைக்கும் தூள் கடினத் தண்ணீரிலும் நுரைத்து நம்மை ஏமாற்றிவிடும்.) தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத மெழுகாகிவிடுகின்றன. பாட்டிலில் ஒட்டிய அதே மெழுகுதான் துண்டின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒட்டியிருக்கிறது.

மனசு ஆறவில்லை. கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி ஒன்று வாங்கினேன். தண்ணீரில் நிறமியைப் போட்டால் ஒயின் சிவப்பாகும். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனையாவது சொட்டில் நீலமாகிறது என்று எண்ண வேண்டும். என் பெட்டியில் ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு 25 மில்லிகிராம் கணக்கு. சிறுவாணி முதல் சொட்டிலேயே நீலமானது. போர் தண்ணீர் 19 சொட்டு, அதாவது 475. டிரம் தண்ணீர் 26 சொட்டு, 650. இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு 200 வரை ஏற்புடையது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நான் அதையும் தாண்டிய தண்ணீரில் அம்மாவின் துண்டைத் துவைத்திருக்கிறேன். ஆர்.ஓ. நல்ல தண்ணீரை ஒரு பக்கம் எடுத்துக்கொண்டு, மீதித் தண்ணீரில் எல்லா உப்பையும் சேர்த்து அனுப்புகிறது. உப்புக் கூடத்தான் செய்யும். என் இயந்திரத்தில் ஒரு சலவைக்கும் இரண்டு அலசலுக்கும் சுமார் 120 லிட்டர் ஆகிறது. 650 வீதம் கணக்குப் போட்டால் ஒரு தடவைக்கு 78 கிராம் சுண்ணாம்புக்கு ஈடானது துணிக்குள் புகுந்து வெளியேறுகிறது. எல்லாம் தங்காது. கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கினாலே பதினான்கு மாதத்துக்குப் போதும்.

சோடா ஏன் விறைப்பைக் கூட்டியது என்பதும் இப்போது விளங்கியது. கடினத் தண்ணீரில் சோடா போட்டால் கரைந்திருக்கும் கால்சியம் சாக்கட்டித் தூளாக இறங்கும். வாளியில் துண்டு இருந்தால் துண்டின் மேலேயே இறங்கும். அம்மா ஊர்க்காரர்கள் ஆற்றில் துவைத்தார்கள். நான் செய்முறையை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டேன்.

இனி எதையும் சேர்ப்பதில்லை, உள்ளே இருப்பதை எடுப்பதுதான் வேலை என்று முடிவு செய்தேன். அதில் வரிசை முக்கியம். முதலில் புளிப்பு, அதாவது அமிலம். பிறகு காரம், அதாவது சோடா. புளிப்பு சுண்ணாம்பைக் கரைக்கும், துருவையும் பிடித்து வெளியே இழுக்கும். ஆனால் அந்தச் சோப்பு மெழுகில் கால்சியம் கழன்றதும் மிஞ்சுவது வெறும் கொழுப்பு. அது தண்ணீரில் போகாது. அடுத்து வரும் சூடான காரம்தான் அந்தக் கொழுப்பை மறுபடி கரையும் சோப்பாக்கி அலச விடும். புளிப்போடு நிறுத்தினால் துண்டு பிசுபிசுக்கும். காரத்தோடு தொடங்கினால் சுண்ணாம்பு அப்படியே இருக்கும். ஆக்சிஜன் வெளுப்பானுக்கு முன்னால் இரும்பை எடுத்துவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: துரு இருக்கும் இடத்தில் அந்த வெளுப்பான் தாறுமாறாக வேலை செய்து, இழையை அரித்து ஊசித்துளை போட்டுவிடும்.

இரண்டு துண்டுகளோடு தொடங்கினேன். முதலில் நல்ல வெயிலில் காயவைத்துச் சமையலறைத் தராசில் நிறுத்தேன். முதல் துண்டு 594 கிராம்.

பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் சிறுவாணித் தண்ணீர், கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேல். அதில் 40 கிராம் எலுமிச்சை உப்பு, மூன்று மேசைக்கரண்டி வரும். பலசரக்குக் கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் நிறைய ஊற்ற வேண்டும், வீடு முழுக்க வாடை. துண்டுகளை முக்கி நாலைந்து தடவை புரட்டி ஒரு மணி நேரம் விட்டேன். தண்ணீர் வடிகட்டாத தேநீர் நிறத்துக்கு வந்தது. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். துவைத்து மடித்து அலமாரியில் வைத்திருந்த துண்டிலிருந்து வந்தது அது.

அலுமினிய அண்டாவில் இதைச் செய்யாதீர்கள். புளிப்பும் அரிக்கும், அடுத்து வரும் காரம் இன்னும் மோசமாக அரித்துத் துணியைக் கருக்கும். இன்னொன்று இதைவிட முக்கியம்: புளிப்பு போட்ட தண்ணீரில், அல்லது புளிப்பு முழுதாக அலசப்படாத துணியில், குளோரின் வெளுப்பானோ பிளீச்சிங் பவுடரோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இந்த வேலை தொடங்கிய அன்றே வெளுப்பான் பாட்டிலை வீட்டை விட்டு வெளியே எடுத்துவிட்டேன்.

இரண்டு தடவை நன்றாக அலசினேன். பிறகு மறுபடி 10 லிட்டர் சிறுவாணி, இம்முறை 60 டிகிரி. சமையலறை வெப்பமானி வைத்துப் பார்த்தேன். அது இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொதிக்கும் தண்ணீர், பாதிக்குச் சற்று அதிகமாகப் பச்சைத் தண்ணீர் என்றால் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். அதில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, வழக்கத்தில் பாதி அளவு சலவைத் திரவம், 30 கிராம் சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் பிளீச் என்று விற்பது இதுதான். தண்ணீரில் போட்டதும் இது சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். மஞ்சளேறிய வியர்வைக் கறையையும் எண்ணெய்க் கறையையும் அந்தப் பெராக்சைடு வெளுக்கும். பச்சைத் தண்ணீரில் அது சோம்பலாக இருக்கும், சூடு கட்டாயம். குமிழி விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் வாளியை இறுக மூடக் கூடாது, தட்டு ஒன்றைக் கவிழ்த்தால் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரத் தண்ணீர் கையை உரித்துவிடும்.

ஆறு மணி நேரம் கழித்து எடுத்தபோது தண்ணீர் அரிசி கழுவின கழுநீர் மாதிரி இருந்தது. துண்டை இயந்திரத்தில் போட்டு இரண்டு அலசல். இரண்டாவது அலசலில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, மிச்சமிருக்கும் காரத்தை முறிக்க.

மறுநாள் வெயிலில் காய்ந்த பிறகு நிறுத்தேன். 594 கிராம் இருந்தது 575 ஆகியிருந்தது. கொஞ்சம் பஞ்சு உதிர்ந்திருக்கலாம், மீதி அத்தனையும் நாங்கள் ஏற்றி வைத்த சுமை. தண்ணீர்ச் சொட்டு விட்டால் ஒரு வினாடியில் மறைந்தது. நிறம் கடையில் வாங்கிய நாளின் நிறம் இல்லை. புதுத் துணியில் இருக்கும் ஒளிரும் பொருள் கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த கதிரை வாங்கி நீல ஒளியாகத் தரும், அதுதான் அந்தப் பளபளப்பு. வெயிலிலும் சலவையிலும் அது தேய்ந்துவிடும். எனக்கு வந்தது பஞ்சின் இயல்பான வெள்ளை. அதுவே எனக்கு அழகாகத் தெரிகிறது.

ஆனாலும் கொஞ்சம் விறைப்பு மிச்சமிருந்தது. சுண்ணாம்பு போன பிறகும் ஏன் என்று குழம்பினேன். இதற்கு விடை ஜப்பானில் இருந்து கிடைத்தது. 2020-இல் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சலவைப் பொருள் தயாரிக்கும் காவோ நிறுவனமும் சேர்ந்து பருத்தியை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டன. காய்ந்ததாக நாம் நினைக்கும் துண்டிலும் இழையைப் பற்றிக்கொண்டு மிகக் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, அது பசை போல ஓர் இழையை அடுத்த இழையோடு ஒட்டவைக்கிறது என்றார்கள். அசையாமல் தொங்கிக் காயும் துண்டில் அந்த ஒட்டு கலையாமல் இருக்கும், அசைத்தால் விட்டுப்போகும். எங்கள் ஊரில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் துணி மிருதுவாகக் காய்வதையும், சித்திரையின் அசையாத வெயிலில் அட்டையாகக் காய்வதையும் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது.

அதனால் கொடியில் போடும் முன் துண்டை இரண்டு முனையிலும் பிடித்துப் பலமாக ஆறேழு தடவை உதறுகிறேன். முக்கால் ஈரம் போனதும் மாடிக்குப் போய் இன்னொரு தடவை உதறித் திருப்பிப் போடுகிறேன். எடுத்து மடிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை. கைக்கு வேலைதான், ஆனால் கண்டிஷனர் பாட்டில் தராத மென்மையை இது தருகிறது. துணியைக் கல்லில் அடிப்பதையும் நிறுத்திவிட்டேன். வேட்டி தாங்கும், டர்க்கியின் கண்ணி தாங்காது. நசுங்கியும் அறுந்தும் போகும்.

இடையில் ஒரு சின்னப் பதற்றம். அம்மா வெள்ளிக்கிழமை காலில் மஞ்சள் பூசுவார். அன்றைய துண்டைச் சோப்பில் போட்டதும் மஞ்சள் கறை செங்காவியாக மாறியது. ரத்தமோ என்று ஒரு கணம் நெஞ்சு திக்கென்றது. மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், அலசினால் திரும்பவும் மஞ்சளாகும். கறையைத் தேய்த்துப் பயனில்லை. ஈரத்தோடு உச்சி வெயிலில் விரித்தால் இரண்டு நாளில் தானாக மங்கி மறைந்துவிடுகிறது. எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் இப்போது தனியாக ஒரு பழுப்பு ஈரிழைத் துண்டு.

வாராவாரம் சலவை இப்படி நடக்கிறது. துண்டுகள் மட்டும் தனியாக, இயந்திரத்தில் பாதி இடம் காலியாக இருக்கும்படி. முதல் சலவை போர் தண்ணீரில்தான், முன்னே போட்டதில் பாதி அளவு திரவத்தோடு. சிறுவாணி குடிக்கிற தண்ணீர், அதை முழுச் சலவைக்கும் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கடைசி அலசல் மட்டும் வாளியில், ஆறு துண்டுக்கும் சேர்த்து 20 லிட்டர் சிறுவாணி, ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு. மழை பெய்த வாரத்தில் மாடியில் அண்டா வைத்துப் பிடிக்கும் மழைத் தண்ணீர் அந்த இடத்தை நிரப்புகிறது; மழைத் தண்ணீரில் கடினத்தன்மை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. டிரம் தண்ணீரை இன்னும் வீணாக்கவில்லை. வாசல் கழுவவும் கழிப்பறைக்கு ஊற்றவும் போகிறது. துணிப் பக்கம் மட்டும் வருவதில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புளிப்பும் காரமுமான முழு ஊறல், எலுமிச்சை உப்பை அப்போது பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன்.

கீழ்வீட்டு அக்கா தன் பேரக்குழந்தையின் துண்டை எடுத்து வந்தார். அதைச் சொட்டுச் சோதனை செய்து பார்த்தோம். உறிஞ்ச 9 வினாடி. அவர்கள் வீட்டிலும் அதே போர்தான்.

அம்மா முதல் இரண்டு துண்டையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டிருந்தார். மற்றதை வைத்தால் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். முன்கைக் கோடுகள் ஆறிவிட்டன. இப்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கவும் பழகியிருக்கிறார். ஐந்து துண்டுகள் தேறிவிட்டன. நான் குளோரினில் போட்டுப் பழுக்கவைத்த இரண்டில் ஒன்று அந்த ஐந்தில் சேர்ந்துவிட்டது. இன்னொன்றில் நடுவில் உள்ளங்கை அளவு துருக்கறை அப்படியே இருந்தது. அதற்கு மட்டும் எலுமிச்சை உப்பை இரட்டிப்பாக்கி இரண்டாவது முறையாக இன்று மதியம் ஊறப்போட்டிருக்கிறேன். இப்போதே ஓரம் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் எடுத்து அலச வேண்டும்.